ஒத்துவராத பிரீஆம்ப்

சிங்கப்பூர் எல்லையைத் தாண்டி இருக்கும் தம்போயில் ஆடியோ கடை வைத்திருந்த தேவானந்தன், சனிக்கிழமை காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோகேந்திரன் நாலாவது வாரமாகத் தன் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதோடு இணைத்துப் பாட்டுக் கேட்க, பொருத்தமான டியூப் பிரீஆம்ப் வேண்டுமாம்.

மதியம்வரை இருவரும் கடையிலிருந்த பிரீஆம்ப்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பாட்டுக் கேட்டார்கள்.

"பேஸ் சத்தம் மெலிசா இருக்குலா. அடுத்த வாரம் வேற எடுத்து வைக்கிறேன்" என்றார் தேவானந்தன். உண்மையில் முதல் வாரம் கேட்டதே கச்சிதமாகப் பொருந்தியது. அதைச் சொல்லியிருந்தால் அவர் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அப்புறம் பேச ஆளிருக்காது.

யோகேந்திரன் தயங்கினார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. மொத வாரம் ஒத்துவராதுன்னீங்களே, அதையே சிங்கப்பூர்ல வாங்கிட்டேன். நல்லாதான் பாடுது."

"அப்புறம் ஏன் இந்தக் கனத்தைத் தூக்கிட்டு வர்றீங்க?"

"வீட்டுல தனியா உக்காந்து கேட்க முடியலண்ணே."

தேவானந்தன் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒயர்களைக் கழற்றினார்.

"அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோட வாங்க" என்றார்.