சத்தம் குறைந்த எஞ்சின்

எஞ்சின் ஓடுகிறதா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. படகின் பின்முனையில் உட்கார்ந்தபடியே அதன் மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்தான்.

மெல்லிய அதிர்வு. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"பாத்தியளா அத்தான், பேசினா காதுல விழுது," என்றான் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெரோம். மனைவியின் தம்பி. "ஃபோர் ஸ்ட்ரோக்குனா இதான். இதையே எடுத்துருவோம்."

சோதனை ஓட்டம்தான். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்திருந்தார்கள். அது எடை குறைவு. இழுவை கூடுதல். பழுதானால் அவனே பிரித்து மாட்டிவிடுவான்.

ஆனால் அதன் இரைச்சலில் எதிரே இருப்பவன் கத்தினாலும் கேட்காது.

போன ஆடியில், எரிபொருள் குழாயைச் சரிசெய்ய ஒரு நிமிடம் குனிந்தான். நிமிர்ந்தபோது முன்னால் வலை இருந்தது. தம்பி ததேயு இல்லை.

கத்தியிருப்பான்.

உடல் கரை ஒதுங்கவில்லை.

இப்போது மாதா கோயில் கோபுரமும் பின்னாலிருக்கும் மலையும் ஒரே கோட்டில் வந்தன. ததேயு விழுந்த அதே இடம். உச்சி வெயில். எண்ணெய் ஊற்றியதுபோல் கடல்.

"அண்ணே."

சட்டென்று பார்த்தான். ஜெரோம் செல்போனில் மூழ்கியிருந்தான்.

"அண்ணே."

இடது பக்கம். தண்ணீர் மட்டத்திலிருந்து.

எஞ்சினை நிறுத்தினான். தண்ணீரில் ஒன்றுமில்லை. விளிம்போடு குனிந்து, தனக்கே கேட்காத குரலில் சொன்னான்.

"ஏறுடே."

படகு அந்தப் பக்கம் ஒருமுறை நன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

ஜெரோம் பலகையைப் பிடித்துக்கொண்டான். "அலையே இல்லியே அத்தான்!"

திரும்பி வரும் வழியெல்லாம் படகின் பின்பக்கம் அமுங்கியே வந்தது.

"இந்த எஞ்சின் வெயிட்டு ஜாஸ்தி. அதான் தாழுது," என்றான் ஜெரோம்.

போகும்போது தாழவில்லை.

துறைமுகத்தில் கடை மெக்கானிக் காத்திருந்தார். அவரும் ஜெரோமும் எஞ்சினைக் கழற்றிப் படிக்கட்டில் தூக்கி வைத்தார்கள். கடைசியாக அவனும் இறங்கினான்.

"எப்பிடிண்ணே? பழசே போதுமா, இது வேணுமா?" என்று கேட்டார் மெக்கானிக்.

அவன் படகைப் பார்த்தான். எஞ்சின் இல்லை. ஆள் இல்லை. அலையில்லாத தண்ணீரில், பின்பக்கம் இன்னும் எழும்பவில்லை.

"இதையே மாட்டுங்க," என்றான்.