ஓடில்லாத நத்தைகள்

மழை விடாத ஒன்பதாம் நாள் காலையில், ஓடில்லாத நத்தைகள் சாக்கடைக் குழாய் வழியாக அடுப்படிக்குள் ஏறி வந்திருந்தன. அரிசிப் பானையின் விளிம்பில்கூட ஒன்று. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஜாடியிலிருந்த கல்லுப்பை ஒன்றுவிடாமல் வழித்து அவற்றின் மேல் கொட்டினேன். நுரைத்துச் சுருண்டன. "வீடு வாசல் இல்லாததெல்லாம் இங்கதான் வந்து ஒண்டுது!" என்று கத்திவிட்டுத் திரும்பினால், நிலைப்படியில் அண்ணன், கையில் காலி காபி டம்ளரோடு. அவன் வீடு இதே மழையில்தான் இடிந்தது. ஐந்து நாளாக எங்களோடு இருக்கிறான்.

"நத்தையச் சொன்னேண்ணே."

"தெரியும் பாப்பா."

டம்ளரை அவனே கழுவிக் கவிழ்த்தான். இதற்கு முன் அப்படிச் செய்ததில்லை.

மதியம் தலை நிமிராமல் சாப்பிட்டான். குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாருக்கு" என்றான். இன்னொரு கரண்டி ஊற்றினேன். அதையும் சாப்பிட்டுத் தட்டை வழித்தான்.

அவன் எழுந்து போனபின் நான் முதல் வாய் வைத்தேன். குழம்பில் உப்பே இல்லை.

ஒரு கல் உப்புக் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறவன் என் அண்ணன்.