லைனிங் துணி

“பதினேழு நாள்ல ஆறு தடவை சிதம்பரம் போயிட்டு வந்துட்டீங்க. கடலூர்ல கிடைக்காத லைனிங் துணி அங்க மட்டும் எப்படிக் கிடைக்குது?”

கேட்டது அமராவதி. அவள் புருஷன் திருநாவுக்கரசு, மஞ்சக்குப்பத்தில் இருபது வருஷமாகத் தையல் கடை வைத்திருப்பவர். பதில் சொல்லப் பிடிக்காவிட்டால், குண்டூசியைக் கவ்வியிருப்பவர் போல உதட்டை இறுக்கிக்கொள்வார். அவள் தட்டில் ஆறிக் கிடந்த இட்லியைக் காட்டி, “நீ சாப்பிடு” என்றார்.

“எங்க இறங்குது? அந்த வெண்மதிய நெனச்சாலே நெஞ்சுல அடைக்குது. ட்யூப் விட்டுப் பார்த்துட்டு அல்சர்னு சொன்னாங்கன்னீங்களே, அது வந்ததே உங்களாலதான்.”

வெண்மதி என்ற பெயரை அவர் செல்போனில்தான் முதலில் பார்த்தாள். தினமும் அழைப்பு வந்தது. அவர் வாசலுக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன வாரம் அவர் விரலில் ஒரு சூட்டுக் கொப்புளம். சட்டையில் கஞ்சி வாசனை. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் வெந்நீர்கூட வைக்காத மனுஷன், எவள் வீட்டு அடுப்பில் விரலைச் சுட்டுக்கொண்டார்? அந்தக் கொப்புளத்தைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அவர் கிளம்பியதும் அவருடைய அளவு நோட்டைப் புரட்டினாள். எல்லாப் பெண்கள் பெயருக்கும் கீழே தோள், கை, இடுப்பு என்று அளவுகள் இருந்தன. வெண்மதி என்ற பெயருக்குக் கீழே விலாசம் மட்டும் இருந்தது. அடுத்த சிதம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கீழவீதிக்குப் பின்னால் சின்ன வீடு. கதவு திறந்தே கிடந்தது. அடுப்படியில் அவள் புருஷன் நின்றுகொண்டு, கஞ்சியை மல் துணியில் ஊற்றிக் கட்டியில்லாமல் பிழிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மெலிந்த பெண், “இன்னும் தண்ணியா இருக்கணுண்ணே” என்றாள். அவள் கையிலிருந்த கிண்ணத்தில் அரை இட்லி.

“என் புருஷன் உனக்குச் சமையக்காரனா?” என்றாள் அமராவதி.

வெண்மதிக்குக் கோபம் வரவில்லை. எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள். இரைப்பையில் புற்றுநோய் வந்து, இரைப்பையையே முழுசாக எடுத்து நாலு வருஷம் ஆகிறது என்றாள். ரெண்டு மணிக்கொரு தரம் இவ்வளவுதான் சாப்பாடு என்று கிண்ணத்தைக் காட்டினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் தனியாக நின்று அழுததைப் பார்த்து, அவளாகத்தான் பேச்சுக் கொடுத்தாளாம். ஆபரேஷனுக்கு முன்னால் எதைச் சாப்பிடலாம், பின்னால் எப்படிச் சாப்பிட வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருகிறாளாம். “நான் இருக்கேன் பாருங்கக்கா. பயப்படாதீங்க.”

அமராவதி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதினேழு நாளாக வளர்த்த கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் முகத்தை, கழுத்தெலும்பை, தொளதொளவென்று தெரிந்த சட்டையைப் பார்த்தாள்.

“உங்களுக்குக் கேன்சரா? என்கிட்ட சொல்லக் கூடாதா?”

திருநாவுக்கரசு துணியைக் கீழே வைத்தார். ஈரக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கில்ல அமராவதி. அன்னிக்கு உனக்கு ட்யூப் விட்டுப் பார்த்தாங்கள்ல, அது அல்சர் இல்ல.”