நடு நாற்காலி

"தூக்க மாத்திரை போடற பழக்கம் நம்ம குடும்பத்துலயே கிடையாது" என்று மகன் வாங்கி வைத்திருந்த அட்டையைத் தள்ளினார் பெரியவர்.

"அப்போ கண்ணு ஏன் மாமா இப்படிச் சிவந்து கிடக்கு?" என்றாள் மருமகள். பல் டாக்டர். எப்பேர்ப்பட்டவரையும் வாயைத் திறக்க வைத்துவிடுவாள்.

திறந்தார்.

"நூறுலேர்ந்து தலைகீழா எண்ணிப் பார்த்துட்டேன்மா. எழுபதுக்கு வர்றதுக்குள்ள அந்த போட்டோகிராபர் வந்து நிக்கிறான். உங்க கல்யாணத்துல நடு நாற்காலியில உட்கார்ந்திருந்த என்னை எழுப்பிவிட்டு, உங்கப்பா அவரோட மேனேஜரை உட்கார வச்சாரே! மாப்பிள்ளைக்கு அப்பன் நான், பின்வரிசையில வெறும் வழுக்கையாத் தெரியறேன். மூணு தலைமுறையா யாருக்கும் பின்னால நிக்காத குடும்பம்மா இது. படுத்தாப் போதும், இதேதான் ஓடுது."

மருமகள் ஒரு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அப்பாவுக்கும் இதே கதிதான் மாமா. படுத்தா அந்த நாற்காலிதான் ஞாபகம் வருதாம். உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கணும்னு துடிக்கிறார்."

பெரியவரின் முதுகு நிமிர்ந்தது. "அப்படியா! தூங்கறதே இல்லையா?"

"பொட்டுத் தூக்கம் இல்ல. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமா? ஆனா நீங்க பெரிய மனசு பண்ணி, எல்லாத்தையும் மறந்துட்ட மாதிரிக் காட்டிக்கணும்."

"பெரிய மனசைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தரணுமா?"

ஞாயிறு வரை அவர் கண்ணாடி முன் நின்று மறதியைப் பழகினார். "எது?" என்று கேட்கும்போது எந்தப் புருவத்தை உயர்த்துவது என்பதிலேயே இரண்டு நாள் போனது.

சம்பந்தி வந்தார். சோபா நுனியில் உட்கார்ந்து, குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"சம்பந்தி... அன்னிக்குக் கல்யாணத்துல நான் நடந்துக்கிட்டது தப்பு. மன்னிச்சிடுங்க."

"எது?" இடது புருவம் ஏறியது.

"அதான்... அந்த விஷயம்."

"எந்த விஷயம்?"

சம்பந்திக்கு வியர்த்தது. மகளைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது... எப்படிச் சொல்றது..."

அவர் நெளிவதைப் பெரியவர் ஆசை தீரப் பார்த்தார். பிறகு தோளில் தட்டிக்கொடுத்தார். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல சம்பந்தி. நீங்களும் மறந்துடுங்க. நிம்மதியாத் தூங்குங்க."

தப்பித்தோம் பிழைத்தோம் என்று சம்பந்தி கிளம்பினார்.

"பாவம், மனுஷன் ரொம்பக் கலங்கிட்டார். குடையைக்கூட விட்டுட்டுப் போறார் பாரு" என்றபடி சாய்வு நாற்காலியில் சாய்ந்தார் பெரியவர்.

குடையோடு மருமகள் கேட்டை எட்டுவதற்குள் உள்ளே குறட்டை கிளம்பிவிட்டது.

"நீ சொன்ன மாதிரியே மன்னிப்புக் கேட்டுட்டேன்மா" என்று குடையை வாங்கிக்கொண்டார் அப்பா. "இப்பவாவது சொல்லு. உன் கல்யாணத்துல நான் அப்படி என்னதான் பண்ணினேன்?"