அதே லைனில் இன்னொரு போன்

மோடத்தின் விளக்கு மின்னி மின்னி அணைந்துகொண்டே இருந்தது, பச்சையாக நிற்கவில்லை. இன்றைக்குள் பிராட்பேண்ட் வராவிட்டால் மருமகள் வீட்டிலிருந்து பார்க்கும் வேலை கைநழுவிப் போய்விடும்.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் உங்க வீட்டுக்கும் ரொம்ப தூரம்மா" என்றார் லைன்மேன். "வர்ற சிக்னலே கொஞ்சம். அதுலயும் யாரோ பங்கு போடுறாங்க. இதே லைன்ல இன்னொரு போன் இருக்கு. உங்க வீட்டுப் பெரியவருக்குத் தெரியுமா, கேளுங்க."

"மாமாவுக்கு வருஷக்கணக்கா காது கேக்காது. இடி விழுந்தாலும் 'என்னது?'ன்னுதான் கேப்பார்."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. அம்மாவிடம் போனில் முணுமுணுப்பதெல்லாம் மறுநாளே புருஷனுக்குத் தெரிந்துவிடுகிறதே. பின்னால் நின்ற மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை ஏன் முறைக்கிற? என் தங்கச்சிகிட்ட நான் பேசுறதும்தான் வெளிய வருது" என்றாள் மாமியார்.

லைன்மேன் சுவரோரமாக வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது மாமியாரின் அலமாரியைத் தாண்டி, மாமனாரின் கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. உள்ளே கைவிட்டு, தூசியே இல்லாத ஒரு போனை வெளியே எடுத்தார்.

"என்னது அது?" என்றார் மாமனார், படுத்தபடியே.

வயரைக் கத்தரித்ததும் ஹாலில் மோடம் விளக்கு பச்சையாக நின்றது. மருமகளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதி உயிரை மாமியார் கொண்டுவந்தாள். வாசற்படியில் நின்று, மருமகள் காதோடு காதாகச் சொன்னாள்: "இனிமே இவருக்குக் காபி கிடையாது."

கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"ஏன், காபி என்ன பண்ணுச்சு?"