பதில் பாட்டு

பள்ளத்தாக்கின் வாசலில் ஆறு பயணிகளை நிறுத்திவிட்டு, உள்ளே வர அனுமதி கேட்கும் பாட்டைப் பாடினான் வழிகாட்டி கவிகா.

"நிலத்துக்காரங்க பதில் பாடினாத்தான் உள்ள கால் வைக்கணும். எங்க ஹவாய் வழக்கம்!" என்று பயணிகளிடம் உருகினார் சுற்றுலா முதலாளி கிராண்ட். டெக்சாஸிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது.

சேம்பு வயலிலிருந்து கவிகாவின் தங்கை நோவெலானிதான் எப்போதும் பதில் பாடுவாள். இன்று சத்தமே இல்லை. கவிகா மறுபடியும் பாடினான். மழை தூறியது.

"என்னப்பா, உன் தங்கச்சி தூங்கிட்டாளா? பேசாம உள்ள கூட்டிட்டுப் போ."

"பதில் வராமப் போகக்கூடாதுன்னு நீங்கதானே பாஸ் விளம்பரத்துல போட்டீங்க?"

"எவ்வளவு புனிதம்!" என்று ஒரு பெண்மணி கண்களை மூடிக்கொண்டார்.

கடைசியில் நோவெலானி துணிப்பெட்டியோடு வெளியே வந்தாள்.

"ஏம்மா பாடல?" என்று கிராண்ட் எரிந்து விழுந்தார்.

"நான் எப்படிப் பாடுறது? சித்தப்பா நேத்து இந்த நிலத்தை உங்களுக்கு எழுதிக் குடுத்துட்டாராமே. காலையில உங்க வக்கீல் வந்து காலி பண்ணச் சொன்னாரு. இனிமே நிலத்துக்காரர் நீங்க. நீங்கதான் பாடணும்."

கவிகா தங்கையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். ஆறு பயணிகளும் பக்தியோடு கிராண்ட் பக்கம் திரும்பினார்கள்.

கவிகாவும் திரும்பினான். சலனமில்லாத முகத்தோடு, அவரைப் பார்த்து, உள்ளே வர அனுமதி கேட்டு மூன்றாம் முறை பாடத் தொடங்கினான்.