ஒரு இடம் காலி

கிர்கிஸ்தானின் கோச்கோர் சந்தையில் இன்னும் ஒரு ஆள் ஏறினால் என் வாடகை வண்டி தலைநகர் பிஷ்கெக்குக்குக் கிளம்பும். முன்சீட்டில் ஒந்த்ரே. வெளியே, சாலையோரத்தில் அவன் நண்பன் மாரெக். செக் நாட்டிலிருந்து சேர்ந்து வந்து ஒரு மாதம் மலையில் நடந்தவர்கள், சற்றுமுன் கூடாரம் உனக்கு, அடுப்பு எனக்கு என்று பிரித்துக்கொண்டு கைகுலுக்கிவிட்டார்கள். உடனே கிளம்பியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். இப்போது ஒருவன் தன் முழங்காலைப் பார்க்கிறான்; மற்றவன் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுகிறான். மதிய வெயில் இருவருக்கும் நடுவே கிடக்கிறது. பின்சீட்டிலிருந்து உல்கான் அக்கா, "பேசினா வாய் தேஞ்சிடுமா இதுங்களுக்கு?" என்கிறாள்.

"தம்பி, நீயும் ஏறு, இடம் இருக்கு" என்று மாரெக்கை அழைக்கிறேன். தலையாட்டி மறுக்கிறான்.

மூட்டையோடு ஒரு பெண், "பிஷ்கெக்கா?" என்று கேட்டபடி வருகிறாள். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார்கள்.

"வண்டி நெறஞ்சிடுச்சும்மா" என்கிறேன். உல்கான் அக்கா பக்கத்துக் காலி இடத்தில் தன் பையை வைக்கிறாள். நண்பர்கள் இன்னும் பேசவில்லை.